பாசறைக்குக் குடும்பத்தோடு

ஒரு பள்ளியில் சாரணர் படை செவ்வனே இயங்குகிறதென்றால், அதன் பின்னே ஓர் ஆசிரியரோ ஆசிரியையோ இருக்கிறார் என்பது சொல்லாமலே விளங்கும். மாலை மணி அடித்து மற்றவர்கள் வீடு நோக்கிப் புறப்பட்ட பின்னும் அவர் மைதானத்தில் நிற்பார்; கயிறும் கழியுமாகப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்திருப்பர். திருவிழா நாளில் தேர்ப்பவனிக்கு வழி ஒதுக்குவதும், வெயிலில் மயங்கி விழுந்த மூதாட்டிக்கு முதலுதவி செய்வதும் அவர் வளர்த்த பிள்ளைகளே. சேலம், நாமக்கல் சமவெளியின் பங்குகளில் இத்தகைய தொண்டர்களை நம் வாசகர் அறிவர்.

ஆனால், இப்பொறுப்பை ஏற்பவர் முதலில் தாமே மாணவராகி ஏழு நாள் பாசறையில் தங்கிப் பயில வேண்டும் என்பதைப் பலர் அறியார். அந்த ஏழு நாளும் அவருடைய வீடு எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் அவர்களினும் சிலர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்பது நம் கருத்து. அதற்குரிய காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

சாரணர் இயக்கத்தின் பிறப்பே ஒரு பாசறையில்தான். 1907 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ தீவில், பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களை அழைத்துச் சென்று கூடாரமடித்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் நான்கு அணிகளாகக் கலந்து நின்றனர். அவர்களுக்கிடையே ஏவல் பணி செய்துகொண்டு ஓடித் திரிந்த ஒன்பது வயதுச் சிறுவன் டொனால்டு, பேடன் பவலின் அண்ணன் மகன். முதற் பாசறையிலேயே குடும்பத்தின் ஒரு துளி இருந்தது என்று இதைக் கொள்ளலாம்.

இயக்கம் காட்டுத் தீ போல் பரவிய வேகத்தில் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. சிறுவர்கள் திரண்டனர், அவர்களை நடத்தும் பெரியவர்களுக்கு நல்லெண்ணம் இருந்த அளவு பயிற்சி இல்லை. மக்லாரன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பொருளுதவி செய்ய, லண்டனுக்கு அருகே கில்வெல் பார்க் என்ற தோட்டம் வாங்கப்பெற்று, 1919 செப்டம்பர் 8-ஆம் நாள் அங்கே பெரியவர்களுக்கான முதல் பயிற்சி தொடங்கிற்று. பயின்று தேறியவருக்குப் பட்டமோ பதக்கமோ வழங்கவில்லை. தோல் வாரில் கோத்த இரு மர மணிகளையே பேடன் பவல் கொடுத்தார். 'உட் பேட்ஜ்' என்று உலகமெங்கும் வழங்குவது அதுவே. அவர்கள் அணியும் கழுத்துத் துணியின் முதுகுப் புறத்தில் மக்லாரன் குலத்தாரின் கட்டம் போட்ட துணித் துண்டு ஒன்று இன்றும் தைக்கப்படுகிறது. கொடுத்தவரை மறவாத வழக்கம்!

கத்தோலிக்கர் தொடக்கத்தில் இவ்வியக்கத்தை ஐயத்தோடுதான் நோக்கினர். பிரிவினை சபையார் நாட்டிலிருந்து வந்தது, விசுவாசத்துக்கு ஊறு செய்யுமோ என்ற அச்சம் பிரான்சு நாட்டில் மிகுந்திருந்தது. இயேசு சபைக் குரு ஜாக் செவென் அந்த அச்சத்தை ஏட்டிலிருந்து ஆராயாமல், 1913-இல் இங்கிலாந்துக்கே சென்று பேடன் பவலை நேரில் கண்டு பேசினார். பின்னர் 1920-இல் பிரான்சின் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரானார். கில்வெல்லில் தாம் பயின்ற முறையைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்து, சமார்ந்து என்னுமிடத்தில் பெரியவர்களுக்கான பயிற்சிப் பாசறைகளை நடத்தினார். 2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். கூடாரத்தில் உறங்கிக் கஞ்சி காய்ச்சிய ஒரு குரு பீடத்தை நோக்கி நகர்வது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

நம் நாட்டில் 1909-இலேயே சாரணர் படைகள் தோன்றின. ஆனால் அவை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே உரியனவாய் இருந்தன. இந்தியப் பிள்ளைகளுக்காக முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் தனிச் சங்கம் கண்டவர் அன்னி பெசன்ட் அம்மையார். விடுதலைக்குப் பின் பல சங்கங்களும் இணைந்து 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டு சாரணியரும் சேர்ந்தனர். அவ்வியக்கத்தின் தேசியப் பயிற்சி நிலையம் மத்தியப் பிரதேசத்தில் சாத்பூரா மலைமேல் உள்ள பச்மடியில் 1956 முதல் இயங்குகிறது. நம் பகுதியிலிருந்து செல்வோர் இடார்சி கடந்து பிபரியாவில் இறங்கி, அங்கிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். அடிப்படைப் பயிற்சி, முதுநிலைப் பயிற்சி, இமாலய உட் பேட்ஜ் என்று படிகள் உண்டு. அடிப்படைப் பயிற்சிக்குப் பச்மடி வரை போக வேண்டியதில்லை. மாநிலத்திலேயே அது நடைபெறுகிறது.

அந்த ஏழு நாளில் நடப்பதென்ன? ஐம்பது வயதுத் தலைமையாசிரியரும் நேற்றுப் பணியேற்ற இளைஞரும் ஒரே அணியில் சேர்க்கப்படுவர். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அந்த அணிக்கு ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு முழக்கம். விடியுமுன் எழுந்து பேடன் பவலின் ஆறு உடற்பயிற்சிகள், கூடாரத் தூய்மைச் சோதனை, கொடியேற்றம். பிறகு முடிச்சுகள், முதலுதவி, நிலப்படம் வரைதல், ஆற்றின் அகலத்தைக் கடவாமலே கணித்தல், மூங்கிலும் கயிறும் மட்டும் கொண்டு பாத்திர மேடை கட்டுதல். கழிப்பிடக் குழி வெட்டுவதும் பாடத்திட்டத்துள் அடங்கும். மாலையில் எல்லாச் சமயத்தாரும் கூடும் வழிபாடு. இரவில் பாசறைத் தீயைச் சுற்றிப் பாட்டும் நடிப்பும். வகுப்பறையில் கைப்பிரம்போடு நின்று பழகிய ஆசிரியர், தம் கூடாரத்தில் ஒரு துண்டு ஒழுங்காக மடிக்கப்படவில்லை என்று பிறரால் சுட்டிக்காட்டப்படும்போது அவருக்குள் ஏதோ ஒன்று இளகுகிறது. முடிச்சுகளைவிட இந்த இளக்கமே பயிற்சியின் பெரும்பயன் என்போம். சிறுவனாக இருப்பது எப்படியிருக்கும் என்பதை மீண்டும் அறிந்தவரே சிறுவர்களை நடத்தத் தகுந்தவர்.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் குறித்த காரணத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், தேசிய மாணவர் படையின் பெயரால் முகாம் ஒன்று நடந்தது. நடத்தியவர்களுக்கும் அப்படைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அங்கே தங்கியிருந்த மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளானது பின்னர் வெளிவந்து, நாடு முழுவதும் அதிர்ந்தது. கடல் கடந்த செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் கடன் தீர்க்க இயலாத நிலையில் நீதிமன்றத்தை நாடிற்று. சிறுவயதில் சாரணத் தலைவர்களால் கெடுக்கப்பட்டோம் என்று முறையிட்டு இழப்பீடு கேட்டவர்கள் 82,000-க்கும் மேற்பட்டோர். இவ்விதத் துயரத்தில் திருச்சபையும் தன் பங்குக்குத் தலைகுனிய நேர்ந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இவற்றைக் கேட்ட பெற்றோர் சிலர், இனிப் பிள்ளையை எந்த முகாமுக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டனர். அவர்களை நாம் குறை சொல்லோம். ஆயினும் கதவடைப்பது மட்டுமே காப்பு ஆகாது. எருசலேம் திருவிழா முடிந்து திரும்பிய மரியாளும் சூசையப்பரும், சிறுவர் இயேசு உறவினர் கூட்டத்தில் வருவார் என்று நம்பி ஒரு நாள் வழி நடந்ததை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். அக்காலத்துப் பயணக் கூட்டத்தில் அனைவரும் அனைவரையும் அறிந்திருந்தனர். ஆகவே அந்த நம்பிக்கை இயல்பானது. அப்படியிருந்தும், மகனைக் காணவில்லை என்றதும் அவர்கள் உடனே திரும்பித் தேடினர். நம் நாளில் பிள்ளையை அழைத்துச் செல்பவரின் பெயர்கூட அறியாமல் ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் வீடுகள் எத்தனை!

நடத்துபவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், அவருடைய சான்று யாது, ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கலாகாது என்ற விதி அங்கே காக்கப்படுகிறதா, மாணவியர் தங்குமிடத்தில் ஆசிரியைகள் உடன் இருக்கிறார்களா என்று கேட்பது பெற்றோரின் உரிமை, கடமையுமாகும். முறையாகப் பயின்ற சாரண ஆசிரியர் இக்கேள்விகளால் மனம் நோக மாட்டார். மனம் நோகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.

கேள்வி கேட்பதைவிடச் சிறந்த வழி ஒன்றும் இருக்கிறது. பயிற்சிப் பாசறைக்குக் குடும்பத்தையே அழைப்பது அது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாங்ரே தெ கிறிஸ்தோ என்னும் மலைத்தொடரின் அடியில் பில்மாண்ட் என்ற சாரணர் நிலப்பரப்பு உள்ளது. அம்மலைப்பெயருக்கு 'கிறிஸ்துவின் திரு இரத்தம்' என்று பொருள். பழைய இஸ்பானிய விசுவாசத்தின் சுவடு. எண்ணெய்க் கிணறுகளால் செல்வரான வெயிட் பிலிப்ஸ் 1938-இல் 35,857 ஏக்கரைச் சாரணர்க்குக் கொடுத்தார். 1941-இல் இன்னும் பெரும்பரப்பையும், தம் குடும்பத்துக்கெனக் கட்டியிருந்த கோடை மாளிகையையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். அம்மாளிகையை ஒட்டி 1950 முதல் தொண்டர்களுக்கான பயிற்சி நிலையம் நடைபெறுகிறது.

அங்கே கோடையில் வாரந்தோறும் ஒரு பயிற்சி. தொண்டர் தம் மனைவி, அல்லது கணவர், மக்களோடு வந்து கூடார வரிசையில் தங்குவார். அவர் பாடம் கேட்கும் நேரத்தில் பிள்ளைகள் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டு, சிறியவர் கைவேலையும் பெரியவர் மலைநடையுமாக இருப்பர். துணைவருக்கும் தனி நிகழ்ச்சிகள் உண்டு. உணவு வேளையில் எல்லாரும் ஒன்றுகூடுவர். தந்தை எதற்காக மாலைதோறும் தாமதமாய் வருகிறார் என்று முணுமுணுத்த பிள்ளைக்கு, அந்த வாரத்தின் முடிவில் விடை தெரிந்துவிடும். தவறு செய்த ஓர் அமைப்பினிடத்திலும் கற்கத் தக்கது இருந்தால் கற்பதில் இழுக்கில்லை. குடும்பங்கள் சூழ்ந்திருக்கும் இடத்தில் இருட்டு மூலைகள் குறையும் என்பது கண்கூடு.

நம் சமவெளியில் இது நடக்குமா? ஆயிரமாயிரம் ஏக்கர் நமக்கு வேண்டியதில்லை. ஏழெட்டுக் குடும்பங்கள், ஒரு பள்ளி வளாகம், வற்றாத ஒரு கிணறு போதும். காலம்தான் சிக்கல். மே மாதத்தில் சேலத்து வெயில் கூடாரத்துள் பிள்ளைகளை வாட்டிவிடும். அப்போதானால் ஏர்க்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ ஏற வேண்டும். அரையாண்டு விடுமுறை கிறிஸ்து பிறப்பு விழாவோடு மோதுகிறது. அந்நாளில் குடில் கட்டும் பிள்ளைகளைக் கூடாரம் கட்ட அழைத்தால் பங்குத் தந்தையே சம்மதிக்க மாட்டார். எஞ்சுவது காலாண்டு விடுமுறை. அப்போது ஏழு நாள் கிட்டாமற்போகலாம், மழையும் குறுக்கிடலாம். ஆகவே அடிப்படைப் பயிற்சிக்குப் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் முறையான பாசறைக்கே ஆசிரியரை அனுப்பிவிட்டு, அவர் திரும்பிய பின் மூன்று நாள் குடும்பப் பாசறையாகப் பங்கிலோ வட்டத்திலோ தொடங்குவது நடைமுறைக்கு ஒத்தது. ஞாயிறு உட்பட்டால் திருப்பலியைத் திறந்த வெளியிலேயே ஒப்புக்கொடுக்கலாம்.

தறி ஓட்டும் வீடுகளுக்கும் கோழிப் பண்ணை வைத்திருக்கும் வீடுகளுக்கும் மூன்று நாள் என்பதும் எளிதன்று. தறி நின்றால் கூலி நின்றது. கோழிக்கு விடுமுறை கிடையாது. இவ்வீட்டார் ஒரு முழுநாள் வந்து இரவுப் பாசறைத் தீயில் கலந்து திரும்பினாலும் பயனுண்டு. கணவர் லாரி ஓட்டச் சென்று பல நாள் வராத வீடுகளில் தாய்மார் மட்டும் வருவர். அவர்களுக்காகவே முதலில் இதைத் தொடங்க வேண்டும் என்றும் நமக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் இப்போதே எச்சரித்து வைப்போம். குடும்பப் பாசறை என்றதும் பெண்களை அடுப்படியில் உட்கார வைத்து, ஆண்கள் மரத்தடியில் சொற்பொழிவு கேட்கும் நிலை வந்துவிடும். நம் பங்குக் கூட்டங்கள் பலவற்றில் நடப்பது அதுவே. சாரண முறையில் அதற்கு இடமில்லை. சமையல் அணிவாரியாக முறை வைத்து நடக்கும்; இன்று விறகு பொறுக்கியவர் நாளை பாத்திரம் துலக்குவார். முதல் நாள் ஆண்கள் அணி மண்ணில் குழி வெட்டி அடுப்பு மூட்டி மரவள்ளிக்கிழங்கைச் சுடட்டும். சற்றுக் கருகினாலும், பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் அமர்ந்து அதை உண்ணட்டும்.