பிடியில்லாத கிளட்ச்

நெடுநாள் பழகிய கைக்கு ஒரு குணம் உண்டு. அறிவு ஆணையிடும் முன்பே அது செயலில் இறங்கிவிடும். மோட்டார் சைக்கிளில் பல்லாண்டு பழகிய ஒருவரைக் கிளட்ச் பிடி இல்லாத வண்டியில் ஏற்றிப் பாருங்கள். கியர் மாற்ற வேண்டிய கணத்தில் அவருடைய இடக்கை விரல்கள் தாமாகவே முன்னே நீளும். பற்றுவதற்கு அங்கே ஒன்றும் இராது. அவர் தமக்குள் நகைத்துக்கொள்வார். ஆனால் அதே கணத்தில் கால் கியரை மாற்ற, வலக்கை ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்த மறந்திருந்தால், வண்டி முன்னே ஒரு துள்ளுத் துள்ளும். பின்னிருக்கையில் ஒரு குழந்தையோ முதியவரோ அமர்ந்திருந்தால் அது நகைப்புக்குரிய செய்தி அன்று. ஆதலின் இவ்வகை வண்டியோடு பழகுவது எங்ஙனம் என்பதை இன்று சற்று விரிவாகக் காண்போம்.

எஞ்சின் ஓயாது சுழலும் இயல்புடையது. சக்கரமோ சில வேளை நிற்கும், சில வேளை ஊரும், சில வேளை விரையும். இவ்விரண்டையும் வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது பிரித்து வைப்பதே கிளட்சின் பணி. வண்டி புறப்படும்போதும் கியர் மாறும்போதும் இந்தப் பணி தேவைப்படுகிறது. சாதாரண மோட்டார் சைக்கிளில் இதனை இடக்கை செய்கிறது.

இந்தப் பணியினின்றும் கையை விடுவித்த வண்டிகளுள் புகழ்பெற்றது ஜப்பானில் பிறந்த சூப்பர் கப். ஹோண்டா நிறுவனத்தை நடத்திய சோயிசிரோ ஹோண்டாவும் தக்கேயோ புஜிசாவாவும் 1956ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்று, அங்கு மக்கள் ஓட்டிய சிறு வண்டிகளைப் பார்த்து வந்தனர். அதன் பயனாக 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 49 கன சென்டிமீட்டர் எஞ்சினும் மூன்று கியர்களும் உடைய சூப்பர் கப் வெளிவந்தது. ஜப்பானிய நகரங்களில் ‘சோபா’ என்னும் நூலுணவைக் கடையிலிருந்து வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஆட்கள், ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கியபடியே மறு கையால் வண்டி ஓட்டுவது வழக்கமாயிருந்தது. அவர்களும் ஓட்டக்கூடியதாக வண்டி அமைய வேண்டும் என்பது ஹோண்டாவின் கருத்து. எனவே இடப்புறக் கிளட்ச் பிடி நீக்கப்பட்டது. முன்பிரேக்கு வலக்கையிலும், பின்பிரேக்கு வலக்காலிலும், கியர் இடக்காலிலும் அமைந்தன. 2017ஆம் ஆண்டில் இவ்வண்டி வரிசையின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைக் கடந்தது என்றால், அந்தக் கருத்து எத்துணைப் பேருக்குப் பயன்பட்டது என்பது விளங்கும்.

பிடி நீங்கியதே தவிரக் கிளட்ச் நீங்கவில்லை என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். அதன் வேலை இரண்டாகப் பிரிந்து வேறிடங்களுக்குச் சென்றுவிட்டது. புறப்படும் வேலையை எஞ்சினின் சுழற்சியே ஏற்றுக்கொண்டது. கிளட்சின் உள்ளே சிறு எடைகள் உள்ளன. எஞ்சின் மெல்லச் சுழலும்போது அவை அடங்கியிருக்கும். வேகம் கூடியதும் வெளிப்புறம் தள்ளப்பட்டுத் தகடுகளை அழுத்தும். எஞ்சினும் சக்கரமும் இணையும். கியர் மாற்றும் வேலை காலுக்கு வந்தது. கியர் மிதியை அழுத்தும்போது முதலில் கிளட்ச் பிரிகிறது. அடுத்துக் கியர் மாறுகிறது. மிதியை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கிளட்ச் பிரிந்தே இருக்கும்; விட்ட பின்னரே மீண்டும் இணையும். பழக்கத்தின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. முன்பு இடக்கை விரல்கள் காட்டிய மென்மையை இனி இடக்கால் காட்ட வேண்டும்.

புறப்படும் முறையை முதலிற் பார்ப்போம். எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, முதல் கியரை இடுக. வண்டி நகராது நிற்கும். பின்னர்ப் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரைச் சிறிது சிறிதாகத் திருகினால் இதமாகப் புறப்படும். குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் இட்டு அது விரைந்து சுழலும் வேளையில் கியர் இடுவது தவறு. வண்டி தானே பாயும்.

மேல் கியருக்குச் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதும் மூடுக; முன்மிதியை உறுதியாக அழுத்துக; காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்லத் தளர்த்துக; அதன்பின் மீண்டும் முடுக்குக. கையும் காலும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்க வேண்டுமேயன்றி ஒன்றையொன்று முந்தலாகாது.

கடினமானது கீழ்க் கியருக்கு இறங்குவதே. பெரும்பாலோர் துன்புறுவதும் இங்கேதான். குதிகாலால் பின்மிதியை அழுத்தி உடனே விட்டால், மெல்லச் சுழலும் எஞ்சின் விரைந்தோடும் சக்கரத்தோடு திடீரென்று பிணைக்கப்படும். வண்டி வெட்டி இழுக்கும். ஈரச் சாலையாயின் பின்சக்கரம் வழுக்கவும் கூடும். இதற்குப் பரிகாரம் உண்டு. மிதியை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்றே திருகி எஞ்சினின் வேகத்தை உயர்த்தி, அதன்பின் குதிகாலை மெல்ல விடுக. இரண்டு வேகங்களும் ஒத்துவிட்டால் கியர் மாறியதே தெரியாது. இது கைவந்தவர்க்கு வண்டி முற்றும் வசப்பட்டது எனலாம்.

மற்றும் இரண்டு எச்சரிக்கைகள். ஓடும்போது காலைக் கியர் மிதியின்மேல் சார்த்தி வைக்கலாகாது. கிளட்ச் அரைகுறையாகப் பிரிந்து தேய்ந்துபோகும். எவ்வளவு மென்மையாக மாற்றினும் வெட்டு நீங்கவில்லையாயின் தம்மையே நொந்துகொள்ள வேண்டா. கிளட்சைச் சரிப்படுத்தும் திருகு இடம் மாறியிருக்கலாம், எண்ணெய் பழையதாகியிருக்கலாம். பழகிய மெக்கானிக்கிடம் காட்டுவது நலம்.

ஸ்கூட்டரும் ஓட்டுவோர்க்கு வேறோர் இடர் உண்டு. கியரில்லா ஸ்கூட்டரில் இடக்கைப் பிடி பின்பிரேக்கு ஆகும். கிளட்ச் என்று எண்ணி அதனை இறுகப் பற்றினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஆதலின் எந்த வண்டியில் ஏறினாலும், புறப்படுமுன் கைகளையும் கால்களையும் அவ்வவற்றின் இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இம்முறை சிறு வண்டிகளோடு நின்றுவிடவில்லை. 2010ஆம் ஆண்டில் ஹோண்டா தன் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றில் இரட்டைக் கிளட்ச் அமைப்பைக் கொணர்ந்தது. 2024ஆம் ஆண்டு மாதிரிகளில், பிடியும் இருந்து, மின்விசையாலும் தானே இயங்கும் கிளட்ச் வந்தது. இடக்கை நோயுற்றோர்க்கும், விரல்களில் வலிமை குன்றிய முதியோர்க்கும் இவை பேருதவி.

புதிதாகப் பழகுவோர் முதற்சில நாட்கள் ஆளற்ற திடலில் நாளும் அரைமணி நேரம் ஓட்டுக. இடக்கை காற்றைப் பிடிக்கும் வழக்கம் நாளடைவில் ஓயும். காலும் தன் புதிய பொறுப்பை உணரும். அதன் பின்னரே நெரிசல் தெருவுக்குச் செல்லலாம். பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றுவது அதற்கும் பிறகு. கியர் மாறியதை அவர் உணராமல் வீடு வந்து சேர்ந்தால், பழக்கம் நிறைவெய்தியது என்று கொள்ளலாம்.