பாறையில் பிறந்த பொன்னும் மண்ணில் படிந்த பொன்னும்

ஒக்கலிபுரத்திலும் அதனை அடுத்த பேட்டைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கோலார் தங்கவயலோடு உறவுடையவை பல. வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து அங்குச் சென்ற நம் முன்னோர், 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொழில் தொடங்கிய நாள்முதல் தலைமுறை தலைமுறையாக மண்ணுக்குள் இறங்கி உழைத்தனர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெறும் வரை ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. அப்பொன் அங்கு எவ்வாறு வந்தது என நம் பிள்ளைகள் வினவினால் விடை கூற வேண்டியது நம் கடமையன்றோ?

கோலாரின் கரும்பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை. பிற்காலத்தில் அவை அழுந்தி வெடித்தபோது, ஆழத்திலிருந்து எழுந்த வெந்நீர் வெடிப்புகளில் புகுந்து, வெள்ளைப் படிகக்கல்லையும் அதனோடு பொன்னையும் படியவிட்டது. இவ்வெள்ளை நரம்பைப் பின்தொடர்ந்தே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்றது.

ஆயின் பொன் என்றும் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. வெயிலாலும் மழையாலும் பாறை பொடிபட, ஓடும் நீர் அதனை வாரிச் செல்கிறது. மணலினும் பொன் ஏழு மடங்கு கனமுடையது. ஆதலின் நீரின் வேகம் குறையுமிடத்தில் பொன் அடியில் தங்க, மணல் மேலே செல்கிறது. சுரங்கம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, 1802-இல், வாரன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, உரிகம் முதலிய சிற்றூர்களின் மக்கள் மண்ணை நீரில் அலசிப் பொன்பொடி பிரித்ததைக் கண்டு எழுதினார்.

இத்தகைய ஆற்றுப் படிவுகள் புதைந்து இறுகினால் படிவுப் பாறையாகின்றன. தென்னாப்பிரிக்காவில் 1886-இல் கண்டறியப்பட்ட விட்வாட்டர்ஸ்ரான்டு வயல் இவ்வகையினது. பழம் ஆறுகள் உருட்டிய கூழாங்கற்களுக்கிடையே பொன் பொதிந்திருக்கிறது; பின்னர்ப் பாய்ந்த வெந்நீர் அதனை ஓரளவு இடம் மாற்றியது என்பர் அறிஞர். மனிதர் இதுவரை எடுத்த பொன்னில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள கார்லினில் 1961-இல் கண்ட பொன்னோ சுண்ணாம்புப் படிவுப் பாறைக்குள் கண்ணுக்கே புலப்படாத நுண்துகளாக ஒளிந்திருந்தது. நம் கர்நாடகத்திலும் கதக் பகுதியில் பழைய மணற்படிவுப் பாறைகளினூடே பொன் உண்டு.

தங்கவயலில் மனிதர் கையாலேயே மற்றொரு படிவு உண்டாயிற்று. அரைத்த பாறைப் பொடியிலிருந்து சயனைடு நீரால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவே இன்று மேடுமேடாக நிற்கிறது. 13 மேடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண் உள்ளது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைந்த பொன்னே எஞ்சியிருப்பினும், மொத்தத்தில் அது பெருஞ்செல்வமாகும். அதனை எடுப்பதற்கு 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது.

இம்மேடுகளைப் பொன்னாக மட்டும் எண்ணுதல் தகாது. கோடைக்காற்றில் எழும் தூசி அடிவாரத்து வீடுகளில் புகுகிறது. நுண்ணிய படிகக்கல் தூசியை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் இறுகும்; சிலிகோசிஸ் என்னும் அந்நோயால் சுரங்கத் தொழிலாளர் பலர் மாண்டனர். மேட்டைக் கிளறினால் தூசி மேலும் எழும். ஆதலின் மண்ணை நனைத்தே எடுத்தல், கழிவுநீரைக் கட்டி வைத்தல், சுற்றி வாழ்வோரின் மார்பைச் சோதித்தல் ஆகியவற்றை முதல் நாள் முதலே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

வேலையும் அவ்வூராருக்கே முதலில் கிடைத்தல் முறை. சுரங்கம் மூடியபின் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து இரவில் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். அம்மண்ணைத் தோண்டி மேலே கொணர்ந்தவர்களின் மக்களே அவர்கள். மீண்டும் பொன் எடுக்கப்படுமாயின் அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதை நாம் ஒருமித்துக் கூறுவோமாக.