பணம் கட்டுகிறவருக்கு நாற்காலி இல்லை

தெருவும் பள்ளியும் – 9

சின்னாளப்பட்டியில் நெசவுக்கூலி வாரக் கணக்கு. நெய்த சேலையை முதலாளி வீட்டிலோ சொசைட்டியிலோ கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அந்த வாரத்துப் பணம் கைக்கு வரும். பாவு தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடந்தால் அந்த நாட்களுக்குக் கூலி இல்லை. பள்ளிக்கூடக் கட்டணமோ டேர்ம் கணக்கு. ஜூனில் ஒரு பெருந்தொகை, தீபாவளியை ஒட்டி ஒன்று, பொங்கல் கழிந்ததும் இன்னொன்று. ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறி வேலை நின்றிருக்கும்போதும் இரண்டாம் டேர்ம் வந்து நிற்கும். வாராவாரம் வந்து வாராவாரம் கரைகிற கூலியிலிருந்து மொத்தத் தொகையைப் பிரித்தெடுக்க வழியில்லை. அதனால் தோடு அடகுக்குப் போகிறது, மகளிர் குழுவில் கடன் எழுதப்படுகிறது. ஊரில் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் நெசவு வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

சேலைக்குக் கஞ்சி போட்டு விரித்துக் காயப்போடும் ஓர் அம்மா சொன்னார்: “தம்பி, வருசத்துல ரெண்டு தடவ தோடு காதுல இருக்கும். மத்த நாளெல்லாம் கடையிலதான் இருக்கும்.” அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. மகன் ஐந்தாவது. பேரைப் போடக்கூடாது என்றார். பள்ளியின் பேரை அதைவிட அவசரமாக மறுத்தார். “பிள்ளை அவங்க கையில இருக்கு தம்பி.”

இந்த வாக்கியத்தை எத்தனையோ பெற்றோரிடம் கேட்டுவிட்டேன். மதுரையில், ஈரோட்டில், சென்னைப் புறநகரில், எங்கே கேட்டாலும் இதே சொற்கள்தான். தனியார் பள்ளியைப் பற்றிய பேச்சு எதில் தொடங்கினாலும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அதற்குமுன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபர் 7 அன்று தொடங்கிய நிறுவனம். நூற்பும் வேளாண்மையும் கல்வியின் வெளியே நிற்காமல் கல்வியாகவே இருக்கவேண்டும் என்ற ஆதாரக் கல்வி அங்கே வேர்விட்டது. 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சௌந்தரம் 1962-ல் திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினராகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். அரசாங்கம் கட்டாத பள்ளிக்கூடம் ஒன்று ஏழைப் பிள்ளைகளுக்காகவே இருக்க முடியும் என்பதை இந்த வட்டாரம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்ணால் பார்த்திருக்கிறது. அறக்கட்டளையும் சமூகமும் நடத்தும் பள்ளிகள், அரசு சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்கள்: உதவிபெறும் பள்ளி என்றால் இதுதான். சட்டத்தின் கண்ணில் அவையும் தனியார் பள்ளிகளே. ஆனால் இன்று தெருவில் ‘பிரைவேட்’ என்று யாரும் அவற்றைச் சொல்வதில்லை. பிரைவேட் என்றால் மெட்ரிக், அல்லது சி.பி.எஸ்.இ. மஞ்சள் வேன் வந்து நிற்கும் பள்ளி.

அந்த வேனில் ஏறும் பிள்ளைகளில் நெசவுச் சமூகமான தேவாங்கர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பாட்டியிடம் கன்னடம், தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். மூன்று மொழியில் வாயாடும் ஏழு வயதுக் குழந்தையின் டைரியில் ‘வகுப்பில் தமிழ் பேசினாள்’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினால் அந்த வீடு என்ன செய்யும்? அம்மாவுக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் படித்துச் சொல்வாள். குழந்தை நிலைப்படியில் தலைகுனிந்து நிற்கும். செய்த குற்றம் இன்னதென்று அம்மாவுக்கும் விளங்காது, பிள்ளைக்கும் விளங்காது.

ஆனாலும் பெற்றோர் ஏன் போகிறார்கள் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். வாசலில் வேன் வருகிறது. பிள்ளை வராவிட்டால் அன்றே போன் வருகிறது. வாரத் தேர்வு வைத்து மார்க்கை அனுப்புகிறார்கள். ஆசிரியைகள், பலரும் இதே ஊர்க்காரப் பட்டதாரிப் பெண்கள், அரசுச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராத சம்பளத்துக்கு மாலை ஆறு மணிவரை நோட்டுத் திருத்துகிறார்கள். தறிக்குழியில் கால் வைத்து உட்காரும் வாழ்க்கை தன்னோடு முடியட்டும் என்று நினைக்கிற தகப்பனுக்கு இவையெல்லாம் பெரிய விஷயம். அந்த ஆசையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2009-ல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு. பள்ளி எங்கே இருக்கிறது, என்னென்ன வசதி இருக்கிறது, ஆசிரியர் சம்பளம் எவ்வளவு, நிர்வாகச் செலவு எவ்வளவு என்று பார்த்து, ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் விதிக்கும். அது மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். நீதிபதி கே. கோவிந்தராஜன் குழு 2010-ல் முதல் பட்டியலை வெளியிட்டபோது ஆயிரக்கணக்கான பள்ளிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. குழு விதித்த கட்டணத்துக்கு மேல் வசூலித்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். திருடனுக்கு விதிப்பதைவிடக் கடுமையான தண்டனை.

நடைமுறையில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று அச்சடித்த ரசீது. பள்ளியின் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். அதிலுள்ள தொகை குழு விதித்த தொகையோடு சரியாகப் பொருந்தும். இன்னொன்று துண்டுச்சீட்டு. அதில் பெயர் இராது, முத்திரை இராது. ஒரு எண்ணும், பக்கத்தில் ஒரு தேதியும் மட்டும். ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, மெட்டீரியல், ஆண்டு விழா என்று வாயால் விளக்கம் சொல்வார்கள். யூனிஃபார்மும் ஷூவும் அவர்கள் காட்டும் கடையில்தான் வாங்க வேண்டும். சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் வந்து, 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உடனே நடைமுறைப்படுத்தச் சொன்னபிறகு, மெட்ரிக் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். இருந்தும் வேறு பதிப்பகத்துப் புத்தகக் கட்டு ஒன்று தனியாக வந்து சேர்கிறது. எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்லமாட்டேன். ரசீதில் உள்ளதை மட்டுமே வாங்கும் நிர்வாகிகளையும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் தங்கள் சக நிர்வாகிகளிடம் படும் பாட்டையும் கேட்டிருக்கிறேன்.

அந்தத் துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கலாமே? கொடுக்கலாம். மாவட்டக் கல்வி அலுவலர்களில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார், சென்னையில் தனியார் பள்ளிகள் இயக்ககம் இருக்கிறது, கட்டணக் குழுவும் இருக்கிறது. ஆனால் மனுவில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுத வேண்டும். மறுநாள் காலை அதே பிள்ளை அதே வகுப்பில் உட்கார வேண்டும். சட்டம் புகார் கொடுக்கிற பெற்றோரை எதிர்பார்க்கிறது. பெற்றோரோ பிள்ளையை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். அதனால்தான் இத்தனை கடுமையான தண்டனை ஏட்டோடு நிற்கிறது.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அநேகமாக எல்லாப் பள்ளியிலும் அட்மின் மட்டுமே அதில் எழுத முடியும். கட்டணக் கெடு, விடுமுறை, வீட்டுப்பாடம் எல்லாம் மேலிருந்து கீழே வரும். நாற்பது பெற்றோர் ஒரே குழுவில் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. பேரன்ட்ஸ் மீட்டிங் வேலை நாள் காலையில் நடக்கும். கூலியை விட்டுவிட்டு அம்மா போவார். பத்து நிமிடம் மார்க் ஷீட்டைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு வருவார். கேட்க வேண்டியதை வரிசையில் நின்று பின்னாலிருப்பவர் காதுபடக் கேட்க முடியுமா?

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவர்களின் கதை இன்னும் கடினம். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை 2013-14-லிருந்து பரவலாக நடந்தது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி, நலிந்த பிரிவென்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். அந்தப் பணம் தாமதமாகிறது என்று பள்ளிகள் சொல்வதில் உண்மை உண்டு. மத்திய நிதி நின்றுபோனதால் 2025-26-ல் சேர்க்கையே தள்ளிப்போனது. ஆனால் இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. 2013-ல் எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளை 2023-ல் ஒன்பதாவது வந்தது. பத்து வருடம் ஒரே பள்ளி, ஒரே தோழிகள். திடீரென்று முழுக் கட்டணம். கஞ்சி போடும் அம்மாவின் மகள் இருப்பது இந்த இடத்தில்தான். கட்டுவதா, அரசுப் பள்ளிக்கு மாற்றுவதா என்று வீடு யோசித்தது. மகள் மூன்று நாள் சாப்பிடவில்லை. தோடு போயிற்று.

அவளிடமும் பேசினேன். கெட்டிக்காரப் பெண். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைச் சீக்கிரமே முடித்து பத்தாவது புத்தகத்தை ஆரம்பித்துவிடுவார்கள் என்று சீனியர் அக்காக்கள் சொல்லியிருக்கிறார்கள். அதில் அவளுக்குப் பெருமை, பயம் இரண்டும் இருந்தன. இது பழைய நோய். பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருட்டியெடுத்த நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகளால்தான், 2017-18-லிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதே 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பும் நிறுத்தப்பட்டது. இரண்டும் பிள்ளைகளுக்காக எடுத்த நல்ல முடிவுகள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை இனி யார் காப்பாற்றுவார்கள் என்ற கவலை எனக்குத் தீரவில்லை.

கொரோனாக் காலத்தில் ஒரு மாற்றம் நடந்தது. தறிகள் நின்றன. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை முதலிலும் 35 சதவீதத்தைப் பள்ளி திறந்தபிறகும் வாங்கலாம் என்றது. அதையும் கட்ட முடியாதவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். அப்போது முன்னால் வந்து நின்றது டி.சி. பாக்கியைக் கட்டினால்தான் கிடைக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு டி.சி.யை உடனே கொடுக்கச் சொல்கிறது. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, டி.சி.யைக் கட்டண வசூலுக்கான கருவியாக்கக் கூடாது, அதில் பாக்கி விவரம் எழுதவும் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் அலுவலக ஜன்னலுக்கு முன் நிற்கும்போது இந்தத் தீர்ப்பை அவருக்கு யார் எடுத்துச் சொல்வார்கள்?

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 2022-ல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. பெற்றோரில் ஒருவரே தலைவர். தறிக்காரர் மனைவியும் சாயப்பட்டறைத் தொழிலாளியும் தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்கிறார்கள். ஒரு ரூபாய் கட்டணம் வாங்காத பள்ளியில் பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதே பிரிவு அரசு உதவிபெறாத தனியார் பள்ளிகளைக் குழு அமைக்கும் கடமையிலிருந்து விலக்கியிருக்கிறது. சி.பி.எஸ்.இ. தன் விதிகளில் பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் இருவருக்கு இடம் வைத்திருக்கிறது. மெட்ரிக் பள்ளியில் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டுகிற அம்மாவுக்குக் கல்வி உரிமைச் சட்டம் எந்த நாற்காலியும் தரவில்லை.

தனியொரு பெற்றோர் பேசினால் பிள்ளை அடையாளம் காணப்படும். ஐந்து பெற்றோர், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், டேர்முக்கு ஒருமுறை உட்கார்ந்து கேட்டால் யார் பிள்ளை என்ற கேள்வி எழாது. கட்டணக் குழுவின் ஆணையைத் தமிழில், பெரிய எழுத்தில் வாசலில் ஒட்டச் சொல்லலாம். கட்டணத்தை மாதத் தவணையாக, முடிந்தால் வாரத் தவணையாகப் பிரிக்கச் சொல்லலாம். மாதாமாதம் வசூலித்தால் எந்தப் பள்ளியும் நொடித்துவிடாது. எட்டாம் வகுப்பு முடியும் 25 சதவீதப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டுவரை வழி என்ன என்று கேட்கலாம். ஆசிரியை சம்பளத்தைப் பற்றியும் கேட்கலாம். குறைவாகக் கொடுப்பது பிள்ளைகளையும் சேர்த்துத்தான் பாதிக்கிறது.

மாநில அரசு நினைத்தால் அங்கீகாரம் புதுப்பிக்கும் நிபந்தனைகளிலேயே இதைச் சேர்த்துவிடலாம். கட்டிட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று கேட்கும் பட்டியலில், தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர் குழுவின் கடைசிக் கூட்டக் குறிப்பும் ஒன்றாக இருக்கட்டும். அதைக் கேட்டுத் தனியார் பள்ளிகள் இயக்ககத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோர் பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ குறிப்பிடாமல் இதே கோரிக்கையை எழுதி அனுப்பலாம்.

(தொடரும்)