உங்கள் இணையதளத்தில் திருடர்கள் கடை விரித்தால்...

மார்க்கையன்கோட்டை, சின்னமனூர், கம்பம் என்று நம் பகுதியில் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்திருப்போர் பலர் உண்டு. டிராவல்ஸ் நடத்துபவர், ஸ்டுடியோ வைத்திருப்பவர், ஏலக்காய் வியாபாரி, படிப்பு முடித்து வேலை தேடும் பிள்ளை என யார் வேண்டுமானாலும் இன்று தம் பெயரில் தளம் தொடங்கலாம். ஆர்வத்தோடு தொடங்குவோம், ஆண்டுக் கட்டணம் கட்டுவோம், பிறகு திரும்பிப் பார்க்க மாட்டோம். அப்படிக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் தளங்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள்.

"நம்ம தளத்தில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். அவர்களுக்கு வேண்டியது உங்கள் பொருள் அல்ல. உங்கள் பெயரும் முகவரியும்தான்.

என்ன நடக்கிறது?

ஃபிஷிங் என்பது தூண்டில் போட்டு ஆளைப் பிடிக்கும் மோசடி. வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம் தயாரிப்பார்கள். "உங்கள் கேஒய்சி முடிந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்று குறுஞ்செய்தியில் அதன் இணைப்பை அனுப்புவார்கள். அங்கே நாம் எழுதும் பாஸ்வேர்டும் ஓடிபியும் நேராகத் திருடனிடம் போய்விடும்.

அந்தப் போலிப் பக்கத்தை வைக்க ஓர் இடம் வேண்டுமே? புதிதாகப் பதிவு செய்த முகவரி என்றால் பாதுகாப்பு மென்பொருள்கள் சந்தேகப்படும். பல ஆண்டுகளாக நல்ல பெயரோடு இருக்கும் உங்கள் முகவரி என்றால் எளிதில் சந்தேகம் வராது. எனவே தளத்துக்குள் புகுந்து, ஒரு மூலையில் புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிப் போலிப் பக்கத்தை அதில் போட்டுவிடுகிறார்கள். முகப்புப் பக்கம் வழக்கம்போலவே இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. போலீஸ் தேடினால் முதலில் தெரிவது உங்கள் பெயர்.

இதை லேசாக எண்ணக் கூடாது. 2007 செப்டம்பரில், அபுதாபியில் வேலை பார்த்த தமிழர் ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கி அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை நம்பி விவரங்களைக் கொடுத்தார். அவர் கணக்கிலிருந்து சுமார் 6.46 லட்சம் ரூபாய் போய்விட்டது. தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் முறையிட்டார். 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு வங்கிக்கு உத்தரவு வந்தது 2010 ஏப்ரலில்தான். வங்கி அதற்கும் மேல்முறையீடு செய்தது. போன பணத்தைத் திரும்பப் பெற எவ்வளவு அலைய வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம். போலிப் பக்கத்தை ஒரு மணி நேரம் முன்னதாக மூடினால், யாரோ ஒரு குடும்பத்தை இந்த அலைச்சலிலிருந்து காப்பாற்றியதாகும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

தளத்தைத் திறந்தால் பிரவுசரில் சிவப்பு எச்சரிக்கை வரும். ஹோஸ்டிங் நிறுவனம் தளத்தை நிறுத்திவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பும். ஏதாவது ஒரு வங்கியோ, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னோ கடிதம் எழுதக்கூடும். நீங்கள் உருவாக்காத ஃபோல்டரோ, தெரியாத அட்மின் பெயரோ உள்ளே இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

1. தளத்தை நிறுத்துங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, பொதுமக்கள் திறக்க முடியாதபடி செய்யச் சொல்லுங்கள். ஆனால் அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள்.

2. ஆதாரத்தை எடுத்து வையுங்கள். போலிப் பக்கத்தை முழு முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த ஃபோல்டரையும், யார் எப்போது வந்தார்கள் என்று காட்டும் லாக் பதிவுகளையும் நகலெடுங்கள். பல நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைச் சில நாட்களே வைத்திருக்கும். திருடிய விவரங்கள் எந்த மின்னஞ்சலுக்கு அல்லது டெலிகிராம் கணக்குக்குப் போகின்றன என்பது அந்த ஃபைல்களுக்குள்ளேயே இருக்கக்கூடும்.

3. பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வைரஸ் இல்லாத வேறொரு கணினியிலிருந்து மாற்றுவது நல்லது. முதலில் மின்னஞ்சல்; ஏனென்றால் மற்றப் பல பாஸ்வேர்டுகளையும் அதன் வழியாக மாற்றிவிட முடியும். பிறகு ஹோஸ்டிங், டொமைன், எஃப்டிபி, டேட்டாபேஸ், அட்மின் கணக்கு.

4. வந்த வழியை அடையுங்கள். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். போலிப் பக்கத்தை மட்டும் அழித்தால் சில நாட்களில் திருடன் திரும்பி வருவான். அதற்கென்று ஒரு கள்ள வழியை விட்டுத்தான் போயிருப்பான். முழுவதையும் நீக்கிவிட்டு, மென்பொருளைப் புதிதாக நிறுவி, திருடன் நுழைவதற்கு முன்பு எடுத்த பேக்கப்பிலிருந்து உங்கள் எழுத்தையும் படங்களையும் மட்டும் மீட்பதே பத்திரமானது.

5. புகார் கொடுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திலோ, மாவட்ட சைபர் குற்றப்பிரிவு காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்கலாம். பிறர் பெயரில் கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நீங்களே முன்வந்து கொடுத்த புகார், இந்தக் குற்றத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல உதவும்.

6. சுத்தம் செய்தபின் கூகுள் சர்ச் கன்சோல் வழியாக மறு ஆய்வு கேளுங்கள். கூகுள் பார்த்துத் திருப்தி அடைந்தால் சிவப்பு எச்சரிக்கை நீங்கும்.

பணத்தை இழந்தவருக்கு

உங்கள் தளத்தாலோ வேறு எதனாலோ யாராவது பணத்தை இழந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். வங்கிக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியையே சேரும். வெட்கப்பட்டு மறைப்பதால் நஷ்டம்தான் கூடும்.

வரும்முன் காக்க

2020 செப்டம்பரில், வேர்ட்பிரஸ் தளங்களில் பயன்படும் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில் ஓட்டை இருப்பது வெளிப்பட்டது. அப்போது 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் அது இருந்தது. ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு செப்டம்பர் 1 அன்றே வந்துவிட்டது. உடனே அப்டேட் செய்தவர்களுக்கு அந்த ஓட்டை அடைபட்டது. அசட்டையாக இருந்தவர்களின் தளங்களில் திருடர்கள் புகுந்தார்கள்.

எனவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பயன்படுத்தாத பிளகினை நீக்குங்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று திருட்டுத் தீம்களைப் போடாதீர்கள். பேக்கப்பை வேறோர் இடத்தில் வையுங்கள்.

ஊரில் இருந்தபோது மகன் தொடங்கிய தளம், அவர் வளைகுடாவுக்குப் போனபின் கேட்பாரற்றுக் கிடக்கலாம். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று வீட்டில் இந்த வாரமே கேளுங்கள். தேவையில்லை என்றால் முறையாக மூடிவிடுங்கள். தேவை என்றால் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். நம் பெயரை நம்பி அந்த முகவரிக்கு வருபவரின் நம்பிக்கையும் நம்மிடம் உள்ள ஓர் அமானிதம்தான்.