கடலூர்

கடலூர், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில், புதுச்சேரிக்குத் தெற்கே கெடிலம் ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரமும் கடலூர் மாவட்டத்தின் தலைநகரமும் ஆகும். 1993 வரை இது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 2021 இல் மாநகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்டது. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், தேவனாம்பட்டினம், முதுநகர் எனத் தனித்தனியே இருந்த ஊர்கள் இணைந்ததே இன்றைய கடலூர்.

வரலாறு

பல்லவர் காலத்தில் இங்கு புகழ்பெற்ற சமணப் பள்ளி ஒன்று இருந்தது. அப்போது ஊரின் பெயர் பாடலிபுத்திரம். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசர், கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்டு இவ்வூரில் கரையேறினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி.

1690 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடக்கம். அவ்வாறு எல்லை குறிக்கப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அந்நிலத்தை உழுதுண்டவர்கள் இந்தப் பேரத்தில் ஒரு தரப்பினராக இல்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1746 இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, கம்பனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் இங்கு மாறியது. 1752 வரை அது நீடித்தது. 1756 இல் இராபர்ட் கிளைவ் இதன் ஆளுநரானார். 1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றி இடித்தார்.

1783 சூன் மாதம் பிரெஞ்சுப் படையிடமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். இது அமெரிக்க விடுதலைப் போரையொட்டி இரு நாடுகளுக்கிடையே மூண்ட போரின் தொடர்ச்சியாகும். ஆனால் சனவரி 20 அன்றே ஐரோப்பாவில் இரு தரப்பும் முதற்கட்ட அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தன. செய்தி கடல் கடந்து வந்து சேருமுன் இரு பக்கமும் ஏராளமானோர் மாண்டனர். 1785 இல் ஊர் மீண்டும் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பார்க்க வேண்டிய இடங்கள்

புனித டேவிட் கோட்டையில் இன்று சில இடிபாடுகளே எஞ்சியுள்ளன. கோட்டை மதில்களை எதிர்பார்த்து வருவோர் ஏமாற்றமடையக்கூடும். அருகிலுள்ள வெள்ளிக் கடற்கரை மாலை வேளைகளில் மக்கள் கூடும் இடம். இக்கரையை ஒட்டிய மீனவர் குப்பங்கள் 2004 ஆழிப்பேரலையில் கடும் உயிர்ச்சேதம் அடைந்தன.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலின் தலமரம் பாதிரி; ஊர்ப்பெயரும் அதனால் வந்ததே. மேற்கே திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோயில் உள்ளது. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் அங்குப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

கேப்பர் மலையில் மத்திய சிறைச்சாலை உள்ளது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய சுப்பிரமணிய பாரதி, கைது செய்யப்பட்டுக் கடலூரில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் சிறைவைக்கப்பட்டார்.

தெற்கே சிதம்பரம் நடராசர் கோயிலும் அதனருகே பிச்சாவரம் அலையாத்திக் காடும் உள்ளன. காட்டின் கால்வாய்களில் படகில் செல்லலாம்.