புரோட்டான்சார் அயனித் திரவங்கள்: ஓசூர் ஆலைகளுக்கு ஏற்ற கரைப்பானா?

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரிலும் அதனைச் சூழ்ந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் வாகனம், கைக்கடிகாரம், மின்னணுப் பொருள், மருந்து எனப் பல்வகை ஆலைகள் இயங்குகின்றன. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கும், வண்ணப்பூச்சைக் கலப்பதற்கும், மருந்து மூலப்பொருளைப் படிகமாக்குவதற்கும் இத்தகைய தொழில்களுக்குக் கரைப்பான்கள் தேவை. வழக்கத்தில் உள்ள அசிட்டோன் 56 பாகை செல்சியசிலும் மெத்தனால் 65 பாகையிலும் கொதிப்பவை. அறை வெப்பநிலையிலேயே அவற்றின் ஆவி காற்றில் கலப்பதால் தீப்பற்றும் அபாயமும், தொழிலாளர் அந்த ஆவியைச் சுவாசிக்கும் கேடும் சேர்ந்தே வருகின்றன. இக்குறைகளைத் தணிக்கக்கூடிய மாற்றுகளுள் ஒன்றாக வேதியியலாளர்கள் ஆராய்ந்துவருபவை புரோட்டான்சார் அயனித் திரவங்கள்.

சமையலுப்பு உருக 801 பாகை வெப்பம் வேண்டும். அதன் சிறிய அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்கள், ஒழுங்காக அடுக்கப்பட்டு இறுகப் பிணைந்திருப்பதே அதற்குக் காரணம். அயனிகள் பருத்தும் வடிவம் ஒவ்வாமலும் இருந்தால் அவ்வடுக்கு இறுகாது. அப்படி 100 பாகைக்குக் கீழே உருகிவிடும் உப்புகளையே அயனித் திரவங்கள் என்கின்றனர். அவற்றுள், ஓர் அமிலம் தன் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அணுவின் கருவை, ஒரு காரத்திற்குக் கொடுப்பதால் மட்டுமே உருவாகும் வகை புரோட்டான்சார் வகை எனப்படுகிறது. பால் வால்டன் 1914இல் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் இவ்வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 12 பாகையில் உருகுவதால் அறை வெப்பநிலையில் அது தெளிந்த நீர்மமாகவே இருக்கும்.

எதிரெதிர் மின்னேற்றங்களின் ஈர்ப்பு அயனிகளைப் பிடித்து வைத்திருப்பதால் இத்திரவங்கள் எளிதில் ஆவியாவதில்லை, மின்சாரத்தையும் கடத்துகின்றன. எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டில் தண்ணீரில் உள்ளதைப் போன்ற ஹைட்ரஜன் பிணைப்பு வலை முப்பரிமாணத்தில் அமைவதால், சோப்பு மூலக்கூறுகள் அதிலும் திரள்களாகக் கூடுகின்றன. உருக்குலைந்த லைசோசைம் என்னும் புரதம் தன் செயல்வடிவத்தை மீட்க அது துணைசெய்வதை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. புரோட்டான்கள் நகர இடமிருப்பதால், தண்ணீர் இல்லாமல் 100 பாகைக்கு மேலும் இயங்கக்கூடிய எரிபொருள் மின்கலங்களுக்கான மின்பகுளியாகவும் இவ்வகைத் திரவங்கள் ஆராயப்படுகின்றன.

தொழிற்கூடத்தில் இவற்றின் பயனை நிறுவியது ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். (BASF) நிறுவனம் 2002இல் நடைமுறைப்படுத்திய முறையாகும். பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றைத் தயாரிக்கையில் உண்டாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பிடிக்க முன்பு டிரைஎத்தில் அமீன் சேர்க்கப்பட்டது. அதனால் விளைந்த திட உப்பு கலவையைச் சேறாக்கி, கிளறுவதையும் வடிகட்டுவதையும் கடினமாக்கியது. அதற்கு மாற்றாக மெத்தில் இமிடசோல் சேர்க்கப்பட்டபோது உண்டான உப்பு 75 பாகையில் உருகி, தனி அடுக்காகக் கீழே தங்கியதால் வடிகட்டும் வேலையே இல்லாமற்போயிற்று. வினைக்கலத்தின் ஒரு கன மீட்டர் கொள்ளளவில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் விளைச்சல் ஏறத்தாழ 80,000 மடங்கு உயர்ந்ததுடன், அந்த உப்பில் எரிசோடாவைச் சேர்த்து மெத்தில் இமிடசோலை மீட்டெடுக்கவும் முடிந்தது.

இவ்வாறு மீட்க முடிவதற்குக் காரணம் கொடுத்த புரோட்டானைத் திரும்பப் பெறலாம் என்பதே. இத்திரவங்களின் குறைபாடும் அதிலிருந்தே பிறக்கிறது. அமிலமோ காரமோ வலுக்குறைந்ததாக இருந்தால் பரிமாற்றம் முழுமையடையாது; எஞ்சிய மூலக்கூறுகள் ஆவியாகும். ஆகவே எல்லாப் புரோட்டான்சார் திரவங்களும் ஆவியாகாதவை என்று பொதுப்படச் சொல்வது பிழை. பாகுத்தன்மையும் ஒரு தடை. எத்தில் அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரைவிட முப்பது மடங்குக்கு மேல் பாகானது என்பதால் குழாய்களில் செலுத்த அதிக ஆற்றல் செலவாகும். அதனால் அடர்த்தி, ஒலிவேகம், பாகுத்தன்மை போன்ற பண்புகளை அளப்பது தொழிலுக்கு அடிப்படைத் தேவையாகிறது; சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் துறையில் ரமேஷ் எல். கர்தாஸின் ஆய்வுக்குழு இத்தகைய அளவீடுகளைச் செய்துவருகிறது.

கிருஷ்ணகிரிக்கு நெருக்கமான பயன் வேளாண் கழிவில் இருக்கிறது. மரத்தின் லிக்னின் என்னும் பிணைப்புப் பொருளைக் கரைத்துச் செல்லுலோசைத் தனியே பிரிக்க, கந்தக அமிலமும் டிரைஎத்தில் அமீனும் சேர்ந்த மலிவான திரவத்தை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பயன்படுத்தினர். அதன் விலையைக் கிலோவுக்கு 1.24 டாலர் எனக் கணித்தனர். மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகள் ஒதுக்கும் மாங்கொட்டையின் ஓட்டிலும் லிக்னினும் செல்லுலோசும் இருப்பதால், இம்முறையை இங்கே சோதித்துப் பார்ப்பது பொருத்தமானது.

ஆயினும் காற்றில் கலக்காத கரைப்பான் தண்ணீரில் கலக்காது என்று கொள்ள முடியாது; இத்திரவங்களுள் பல தண்ணீரில் முழுமையாகக் கரைபவை, சில நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சானவை. பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து வரும் தென்பெண்ணையாறு ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்பதை இப்பகுதி மக்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றனர். அந்த ஆற்றின் மீது புதிய சுமையை ஏற்றும் எந்தக் கரைப்பானையும் பசுமையானது என்று அழைக்கக் கூடாது. எனவே, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு திரவம் மீட்கப்படுகிறது, மீளாத பகுதி எங்கே செல்கிறது என்பதை அளந்து காட்டும் ஆலைக்கே இக்கரைப்பானைப் பயன்படுத்த அனுமதி தரவேண்டும்.