கரைக்குப் போய்க் கேட்டு எழுதிய ராஜம் கிருஷ்ணன்

ஆற்றையும் கடலையும் நம்பி வாழும் மக்களைத் தமிழ் நாவலில் எழுதியவர்களுள் ராஜம் கிருஷ்ணன் முக்கியமானவர். 1925ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள முசிறியில் பிறந்தார். பதினைந்து வயதில் திருமணம் செய்து வைக்கப்பட்டார். கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டு வேலைகளுக்கிடையே வாசித்தும் எழுதியும் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டார். 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக இந்தியாவின் சாகித்திய அக்கடமி விருதைப் பெற்றார்.

இவர் வீட்டிலிருந்தபடி கற்பனையாக மட்டும் எழுதியவரல்லர். யாரைப் பற்றி எழுத நினைத்தாரோ அவர்களிடம் நேரில் சென்று, கதைத்து, அறிந்து எழுதினார். ‘அலைவாய்க் கரையில்’ தென்தமிழகக் கரையோர மீனவரின் கதை. ‘சேற்றில் மனிதர்கள்’ காவிரிப் பாசன வயல்களில் கூலிக்கு உழைப்போரைப் பற்றியது. ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. கொளுத்தும் வெயிலில் பெண்கள் படும் பாட்டையும், குறைந்த கூலியையும், வேலைத்தலத்தில் அவர்களுக்கு நேரும் தொல்லைகளையும் அதில் மறைக்காமல் எழுதினார்.

நாவற்குடாவில் எமது பெண்கள் குழுவில் இந்த உப்பளக் கதையைச் சொன்னேன். வாவியோரத்தில் இறாலும் நண்டும் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு அம்மா கேட்டார்: “எங்கட கதைய ஆரு மகள் எழுதுற?”

நியாயமான கேள்வி. 2004 சுனாமிக்குப் பின்பும், 2009இல் யுத்தம் முடிந்த பின்பும் எத்தனையோ படிவங்கள் வந்தன. இறந்தவர் எத்தனை, காணாமல் போனவர் எத்தனை என்று கேட்டன. கணவன் இல்லாத வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எழுத அவற்றில் இடம் இருக்கவில்லை.

ராஜம் கிருஷ்ணனின் கடைசிக் காலமும் எமக்கு ஒரு பாடம். கணவர் இறந்த பின்னர் கையிலிருந்த பணத்தை இழந்து முதியோர் இல்லத்தில் வாழ்ந்தார். 2009இல் தமிழ்நாடு அரசு அவரது நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014இல் காலமானார். ஊரார் துயரையெல்லாம் எழுதிய பெண்ணுக்கே இந்த நிலை என்றால், காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் எமது பெயரில், எமது கையில் வைத்திருப்பது எவ்வளவு அவசியம்!

அதேபோல எமது கதையையும் எமது கையில் வைத்திருப்போம். ஒரு கொப்பி போதும். எழுதத் தெரியாத தாய் சொல்லட்டும். பாடசாலை செல்லும் மகள் எழுதட்டும். திகதியும் ஊரும் பெயரும் தவறாமல் இருக்கட்டும்.